எரேமியா 29:11க்கு முந்தின வசனத்தையும் வாசியுங்கள்

சகோதரரே, எரேமியா 29:11ஐ அறிக்கையிட்டால் இந்த வருஷமே கடன் தீரும், தீராவிட்டால் விசுவாசக் குறைவு என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியல்ல. உங்கள்பேரில் நான் நினைத்திருக்கிற நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்று கர்த்தர் சொல்லும் அந்த வசனம், பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன யூதர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி அனுப்பிய நிருபத்தில் வருகிறது. முந்தின வசனமே, 70 வருஷம் முடிந்த பின்புதான் அவர்களைத் திரும்பிவரப்பண்ணுவேன் என்கிறது. அதுவரை வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், பிள்ளைகளைப் பெறுங்கள் என்பதுதான் கட்டளை. 2 வருஷத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்றவன் கள்ளத் தீர்க்கதரிசி அனனியா. 28ஆம் அதிகாரத்தில் அவன் கதியைப் பாருங்கள்: அந்த வருஷமே செத்துப்போனான். நிருபத்தைக் கேட்ட மூப்பர்கள் பலர் எருசலேமை மறுபடி பார்த்திருக்கவே மாட்டார்கள். ஆனாலும் வாக்குத்தத்தம் பொய்யாகவில்லை.

என் அம்மாவின் வேதாகமத்தில் இந்த வசனத்தின் கீழே நீல மைக்கோடு உண்டு. அப்பா படுக்கையில் கிடந்த 6 வருஷமும் அம்மா அதை வாசித்துவிட்டுத்தான் விளக்கை அணைப்பார். அப்பா எழும்பவில்லை. தயவுசெய்து அம்மாவை விசுவாசம் குறைந்தவர் என்று சொல்லாதீர்கள்.