மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர்

'ஆறு நாளில் ஐந்து நாடு' என்று ஒரு சுற்றுலா விளம்பரம் நேற்று கண்ணில் பட்டது. விமான நிலையத்தில் காத்திருப்பது, பெட்டிக்காக நிற்பது, விடுதிக்குப் போய் வருவது எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால் ஒரு நாட்டுக்கு அரை நாள்கூடத் தேறாது. அதிலேயே 'சாகசப் பயணம்' என்றும் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். அந்தச் சொல்தான் என்னை எழுத வைத்தது.

காலையில் கிளம்பும்போது ராத்திரி எங்கே படுப்போம் என்று தெரியாமல் இருப்பதைத்தான் நான் சாகசம் என்பேன். மழை இருட்டிக்கொண்டு வரும், அடுத்த ஊருக்கு இன்னும் பத்து கிலோமீட்டர் இருக்கும், முன்பின் தெரியாத ஒருவர் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டிவரும். இதெல்லாம் மெதுவாகப் போகிறவர்களுக்குத்தான் வாய்க்கும். வேகப் பயணத்தில் இவற்றில் ஒன்றுகூட நடந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அத்தனை ஏற்பாடும் செய்கிறார்கள்.

சில வருடங்களுக்கு முன்னால் ஓர் ஆற்றையொட்டி ஒன்பது நாள் சைக்கிளில் போனேன். மூன்றாவது நாள் பின்சக்கரம் பஞ்சர். ஒட்டினேன், ஒரு கிலோமீட்டரில் மறுபடி காற்று இறங்கியது. திரும்ப ஒட்டினேன், திரும்ப இறங்கியது. சாலையோர வீட்டிலிருந்து ஒரு பெரியவர் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஒரு வாளித் தண்ணீரோடு வந்தார். அவர் பேசியது எனக்குப் புரியவில்லை, நான் பேசியது அவருக்குப் புரியவில்லை. டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வரும் இடத்தைக் காட்டிவிட்டு, டியூபை ஓரமாக வைத்துவிட்டார். அப்புறம் டயரைக் கையில் எடுத்து அதன் உள்பக்கத்தைக் கட்டைவிரலால் அங்குலம் அங்குலமாகத் தடவிக்கொண்டே போனார். ஓரிடத்தில் விரல் நின்றது. முடி அளவுக்கு ஒரு கம்பித்துண்டு ரப்பருக்குள் புதைந்து, முனை மட்டும் உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது. நான் எத்தனை முறை ஒட்டினாலும் அது குத்திக்கொண்டே இருந்திருக்கும். பசை காயும்வரை இரண்டு பேரும் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம்.

அந்த ஒன்பது நாள் தூரத்தைக் காரில் அரை நாளில் கடந்துவிடலாம், விமானத்தில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனால் எதிர்க்காற்றில் மணிக்கு எட்டு கிலோமீட்டராக என் வேகம் குறைந்த அந்தச் சமவெளி இன்றைக்கும் என் தொடையில் இருக்கிறது. எந்தத் திருப்பத்தில் ஆற்றின் நிறம் மாறும் என்பதுகூட ஞாபகம் இருக்கிறது.

இனி சுற்றுச்சூழல் கணக்கு. உலகத்தின் மொத்தக் கார்பன் டை ஆக்சைடு வெளியீட்டில் விமானங்களின் பங்கு சுமார் 2.5 சதவீதம். கேட்க அற்பமாகத் தெரியும். ஆனால் உலக மக்களில் பெரும்பாலோர் ஒரு வருடத்தில் ஒருமுறைகூட விமானம் ஏறுவதில்லை. அந்தப் புகை முழுக்கக் கொஞ்சம் பேருடையது. பிரிட்டன் அரசின் கணக்குப்படி உள்நாட்டு விமானத்தில் ஒருவர் ஒரு கிலோமீட்டர் போக ஏறத்தாழ 250 கிராம் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமான மாசு வெளியேறுகிறது, ரயிலில் அது 35 கிராம் அளவுதான். மேலே எழும்பத்தான் எரிபொருள் அதிகம் என்பதால் குட்டிக் குட்டி விமானப் பயணங்கள்தான் கிலோமீட்டருக்கு மிக மோசம். பிரான்ஸ் 2023 மே மாதம் ஒரு தடையை நடைமுறைக்குக் கொண்டுவந்தது: ரயிலில் இரண்டரை மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய உள்நாட்டுத் தடங்களில் விமானம் ஓடக் கூடாது. மூன்றே தடங்கள்தான் அதில் சிக்கின, ரொம்பக் குறைவு. இருந்தாலும் அதை நான் வரவேற்கிறேன். விமானச் சீட்டோடு சேர்த்து மரம் நடப் பணம் கட்டினால் புகைக்கு ஈடாகிவிடும் என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. புகை இன்றைக்கே போகிறது, அந்தக் கன்று மரமாக எத்தனையோ வருடம் ஆகும்.

முதல்முறை சைக்கிளில் நீண்ட தூரம் போக நினைப்பவர்களுக்கு டான்யூப் ஆற்றங்கரைப் பாதையைச் சொல்வேன். ஜெர்மனியின் பாசாவிலிருந்து வியன்னா வரை 300 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், பெரும்பாலும் சமதளம், குழந்தைகளோடு குடும்பமாகவே போகிறார்கள். நடப்பவர்களுக்கு ஸ்பெயினின் சந்தியாகோ பாதை, கிறிஸ்தவர்களின் பழைய யாத்திரை வழி. 1980களில் எலியாஸ் வலீனியா என்ற பாதிரியார் மஞ்சள் பெயின்ட்டை எடுத்துக்கொண்டு வழியெல்லாம் அம்புக்குறி போட்டார். இன்றும் அந்த மஞ்சள் அம்புகள்தான் வழிகாட்டுகின்றன. ஆனால் கடைசி 100 கிலோமீட்டர் நடந்தாலே யாத்திரையை முடித்ததற்கான சான்றிதழ் கிடைக்கும் என்பதால் அந்தப் பகுதியில் கூட்டம் அதிகம். 2023-இல் மட்டும் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சான்றிதழ் வாங்கினார்கள். மெதுவான பயணமும் கூட்டமாகப் போனால் ஊரை நெருக்கும். கோடைக் காலத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

நடை என்றதும் எனக்கு நினைவுக்கு வருபவர்கள் சதீஷ் குமார், மேனன் என்ற இரண்டு இந்திய அமைதி ஆர்வலர்கள். 1962-இல் அணு ஆயுதத்துக்கு எதிராக டெல்லியிலிருந்து கையில் காசே இல்லாமல் நடக்க ஆரம்பித்தார்கள். பணம் இல்லாவிட்டால்தான் மனிதர்களிடம் போவீர்கள் என்று காந்தியவாதி வினோபா பாவே சொல்லி அனுப்பியிருந்தார். மாஸ்கோ, பாரிஸ், லண்டன், கப்பலேறி வாஷிங்டன். சோவியத் நாட்டில் ஒரு தேயிலைத் தொழிற்சாலை வாசலில் ஒரு பெண் நான்கு தேயிலைப் பொட்டலம் கொடுத்தார், நான்கு தலைநகரத் தலைவர்களுக்கும் ஒவ்வொன்று. அணுகுண்டுப் பொத்தானை அழுத்தத் தோன்றினால் முதலில் இந்தத் தேநீரைக் குடிக்கச் சொல்லுங்கள் என்றார். வானத்தில் பறந்து போயிருந்தால் அந்தப் பொட்டலம் யார் கைக்கும் வந்திருக்காது.

சரி, லீவு எங்கே கிடைக்கிறது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, எனக்கும் அதே நிலைமைதான். கடல் தாண்டி உறவுகள் இருப்பவர்கள், உடம்பு சரியில்லாத பெற்றோரைப் பார்க்கப் போகிறவர்கள் விமானத்தில்தான் போயாக வேண்டும், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. போகிறபோது மூன்று தடவையாகப் பிரிக்காமல் ஒரே தடவை போய் மூன்று வாரம் இருந்துவிட்டு வாருங்கள், புகை மூன்றில் ஒரு பங்காகும்.

சைக்கிளில் நான்கு வருடம் உலகைச் சுற்றிய அலஸ்டர் ஹம்ப்ரீஸ், வேலை முடிகிற மாலை ஐந்து மணியிலிருந்து மறுநாள் காலை ஒன்பது மணி வரை பதினாறு மணி நேரம் உங்களுடையதுதானே என்கிறார். நான் இப்போது மாதம் ஒருமுறை அப்படித்தான் கிளம்புகிறேன். வேலை முடிந்ததும் சைக்கிள், எட்டும் தூரத்தில் ஒரு மேடு, ஒரு படுக்கை விரிப்பு. விடிவதற்கு ரொம்ப முன்னாலேயே ஒரு பறவை கூப்பிடும். கொஞ்ச நேரம் எதுவும் இருக்காது. அப்புறம் எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொன்று பதில் சொல்லும்.

போகிறவர்கள் இருட்டுவதற்குள் இடம் பார்த்துவிடுங்கள். அங்கே தங்க அனுமதி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள், எங்கே போகிறீர்கள் என்று ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள். தண்ணீர் நினைப்பதைவிட இரண்டு மடங்கு வேண்டும்.