கோஸ் வேண்டாம், காபி கொடுங்க

போன மாதம் திருச்சியில் ஒரு கல்யாணம். மதியப் பந்தியில் எனக்குப் பக்கத்து இலை அம்மா, கோஸ் பொரியல் வாளி வந்ததும் இரண்டு கையாலும் இலையை மூடிக்கொண்டார். “வேண்டாம்ப்பா, எனக்குத் தைராய்டு.” எதிர் வரிசையிலிருந்து உடனே இன்னொரு குரல்: “எனக்கும்தான். நான் காலிஃப்ளவர்கூடத் தொடறதில்ல.” பரிமாறுகிற பையன் பாவம், அடுத்த இலைக்குக் கேட்டுவிட்டுத்தான் கரண்டியைச் சாய்த்தான்.

(தைராய்டு எல்லோருக்கும்தான் இருக்கிறது. அது கழுத்தில் உள்ள ஒரு சுரப்பியின் பெயர். ஆனாலும் நம் ஊரில் “எனக்குத் தைராய்டு” என்றால் அது வேலை செய்யவில்லை என்று பொருள். நானும் அப்படித்தான் சொல்கிறேன், விடுங்கள்.)

கை கழுவுகிற இடத்தில் அந்த அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். மாத்திரை எப்போ போடுவீங்க என்று கேட்டேன். “காலைல எழுந்ததும் காபியோடதான். வெறும் வயித்துல போடணும்னு டாக்டர் சொல்லியிருக்காரே.”

காபி உள்ளே போனபிறகு அது எப்படிம்மா வெறும் வயிறு என்று நான் கேட்கவில்லை. நாலு வருஷம் நானும் அப்படித்தான் விழுங்கிக்கொண்டிருந்தேன்.

என் கதையைச் சொல்கிறேன். நான் டாக்டர் இல்லை, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். 41 வயதில் முடி கொட்டியது, ஏப்ரல் மாதத்திலும் ஃபேனை நிறுத்தச் சொன்னேன், ரெண்டு மாடி ஏறினால் வகுப்பில் போய் உட்கார வேண்டியிருந்தது. ரத்தத்தில் டி.எஸ்.எச். (தைராய்டை வேலை செய்யத் தூண்டும் ஹார்மோன்; தைராய்டு மந்தமானால் இது ஏறும்) பார்த்தபோது 18. அது 4, 5-க்குள் இருக்க வேண்டும். ஆன்டிபாடி பரிசோதனையும் செய்துவிட்டு “ஹாஷிமோட்டோ” என்றார்கள். 1912-இல் ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹாஷிமோட்டோ முதலில் விவரித்த நோய். நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். 50 மைக்ரோகிராம் மாத்திரை ஆரம்பித்தார்கள்.

அன்று சாயங்காலமே குடும்ப வாட்ஸ்அப்பில் பட்டியல் வந்துவிட்டது. கோஸ், காலிஃப்ளவர், முள்ளங்கி, நூல்கோல், கடுகு, வேர்க்கடலை, மரவள்ளிக்கிழங்கு, மீல் மேக்கர், கம்பு எல்லாம் கூடாது. சாப்பிட வேண்டியது: கொத்தமல்லி விதை ஊறவைத்த தண்ணீர், காலையில் ரெண்டு ஸ்பூன் தேங்காய் எண்ணெய், இந்துப்பு. என் மாமியார் அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு ரெண்டு தடவை படித்தார். மறுநாளிலிருந்து எங்கள் வீட்டில் கோஸ் வருவது நின்றது. முள்ளங்கி சாம்பார் மற்றவர்களுக்கு மட்டும். கடுகை என்ன செய்வது என்று மட்டும் அவருக்குப் புரியவில்லை. கடுகு தாளிக்காத ரசத்தை அவர் ரசமாகவே ஒத்துக்கொள்ளமாட்டார்.

மூன்று வருஷம் இந்தப் பத்தியம். டி.எஸ்.எச். 18-லிருந்து 9-க்கு வந்தது, பிறகு 11 ஆனது. மாத்திரை 75 ஆயிற்று, அப்புறம் 100. அப்போதும் 8-க்குக் கீழே இறங்கவில்லை. ஒவ்வொரு முறையும் வீட்டில் ஒரே கேள்வி: “வெளியில எங்கயாவது கோஸ் சாப்பிட்டியா?” ஒரு ஃப்ரைடு ரைஸ் சாப்பிட்டதற்குத் திருடி மாதிரி விழித்திருக்கிறேன்.

நாலாவது வருஷம் வேறொரு டாக்டரிடம் போனேன். வயதான அம்மா. ரிப்போர்ட்டைப் புரட்டினார், என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்கவே இல்லை. “மாத்திரை போட்டு எத்தனை நிமிஷத்துல காபி குடிப்ப?” என்றார். “காபியோடதான் மேடம்.” “வேற மாத்திரை?” “கால்சியம்.” “எப்போ?” “அதுவும் அப்பவே, மறந்துடும்னு.” பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். 125-ஆக ஏற்ற வேண்டியதில்லை, அதே 100-ஐத் தண்ணீரோடு போடு, ஒரு மணி நேரம் கழித்துக் காபி, கால்சியத்தை ராத்திரிக்கு மாற்று, எட்டு வாரம் கழித்து வா என்றார். எட்டு வாரத்தில் டி.எஸ்.எச். 0.3. மருந்து அதிகமாகிவிட்டது! மறுபடி 75-க்குக் குறைத்தார்கள். அத்தனை நாளும் நான் விழுங்கியதில் ஒரு பங்கு உடம்பில் சேராமலே போயிருக்கிறது.

விஷயம் இதுதான். லெவோதைராக்ஸின் என்ற இந்தத் தைராய்டு ஹார்மோன் மாத்திரை குடலில் உறிஞ்சப்படுவதில் ரொம்பவும் அடம்பிடிக்கும். காபி கெடுக்கும். கால்சியமும் இரும்புச்சத்து மாத்திரையும் அதைப் பிடித்து இறுக்கிக்கொண்டு குடலோடு போய்விடும், அதனால் நாலு மணி நேர இடைவெளி வேண்டும். அசிடிட்டி மாத்திரையும் குறைக்கும். இத்தாலியில் மாத்திரையை எஸ்பிரெஸ்ஸோவோடு விழுங்கிக்கொண்டிருந்த சிலருக்கு டி.எஸ்.எச். இறங்கவே இல்லை, காபியைத் தள்ளி வைத்ததும் சரியானது என்று 2008-இல் ஒரு ஆய்வு வந்தது. அது ஒரு வாய் கறுப்புக் காபி. நம்முடையது டபரா நிறையப் பால் ஊற்றிய ஃபில்டர் காபி. பாலில் கால்சியம் வேறு.

நாலு மணிக்கு எழுந்து சமைத்துவிட்டு ஓடுகிறவர்கள் ஒரு மணி நேரம் காபி இல்லாமல் நிற்பது லேசான காரியமில்லை என்று எனக்குத் தெரியும். அரை மணியாவது விடுங்கள். அதுவும் முடியாது என்றால் ராத்திரி சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போது போடலாமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். அப்படிப் போட்டாலும் நன்றாகவே வேலை செய்கிறது. ஒன்று மட்டும், நேரத்தை மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரத்தில் ரத்தம் பாருங்கள். இந்த ஹார்மோனில் பாதி உடம்பை விட்டுப் போகவே ஒரு வாரம் ஆகும், அதனால் மாற்றம் நிதானமாகத்தான் தெரியும். அவசரப்பட்டுப் பதினைந்தாம் நாள் பார்த்தால் காசுதான் வீண்.

சரி, கோஸ்?

கோஸின் மேல் இந்தப் பழி விழுந்தது 1928-இல். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் வேறு ஆராய்ச்சிக்காக வளர்த்த முயல்களுக்குத் தினமும் கோஸ் இலையே தீவனம். அவற்றுக்குக் கழுத்து வீங்கியது. கோஸ் குடும்பத்துக் காய்களிலிருந்து வரும் சில பொருள்கள் சுரப்பிக்குள் அயோடின் போவதைத் தடுக்கும், ஹார்மோன் தயாரிப்பையும் குலைக்கும் என்பது உண்மைதான். ஆனால் அளவைப் பாருங்கள். 2010-இல் அமெரிக்காவில் 88 வயதுப் பாட்டி ஒருவர் மயங்கிய நிலையில் ஆஸ்பத்திரிக்கு வந்தார். சீனக் கோஸ் வகையான போக் சாயைப் பச்சையாக, நாளுக்கு ஒரு கிலோ முதல் ஒன்றரைக் கிலோ வரை, பல மாதம் சாப்பிட்டிருந்தார். கல்யாணப் பந்தியில் வைப்பது ஒரு கரண்டி, அதுவும் வேகவைத்தது. வேகவைத்தால் அந்தப் பொருள்களை உண்டாக்கும் நொதி பெரும்பாலும் செத்துவிடும். பச்சைக் கோஸ் ஜூஸ் தினமும் குடிக்கிற பழக்கம் இருந்தால் மட்டும் அதை நிறுத்துங்கள். எப்படியும் அது குடிக்கிற மாதிரி இருக்காது.

இன்னொன்று யாரும் யோசிப்பதில்லை. கோஸ் கெடுப்பது ஹார்மோன் தயாரிப்பைத்தான். மாத்திரையில் இருப்பது தயாரான ஹார்மோன், நாலு அயோடின் அணு ஏற்கெனவே கோத்தது. கடையில் பாக்கெட் மாவு வாங்கிவந்த பிறகு வீட்டில் கிரைண்டர் கல் சுற்றவில்லையே என்று கவலைப்படுவதில் என்ன இருக்கிறது? என் சுரப்பி அனேகமாக ஓய்ந்துவிட்டது. அதைப் போய்க் கோஸ் என்ன செய்துவிடும்?

கம்பும் மரவள்ளியும் அப்படித்தான். சூடானில் கம்பையே முக்கிய உணவாகக் கொண்ட இடங்களில் கழுத்து வீக்கம் அதிகம் என்று கண்டார்கள். அங்கே அயோடினும் பற்றாக்குறை, சாப்பாடும் ஒரே தானியம். வாரத்தில் ஒருநாள் கம்பங்கூழுக்கு அந்தக் கணக்கு ஒட்டாது. மீல் மேக்கர் சாப்பிடுங்கள், மாத்திரை போட்ட கையோடு வேண்டாம், அவ்வளவுதான். கோதுமையில் இருக்கிற க்ளூட்டன் என்ற புரதத்தை விட்டால் தைராய்டு குணமாகும் என்று ஒரு சிநேகிதி சொன்னாள். கோதுமை ஒவ்வாத சீலியாக் நோய் இருந்தால் விடத்தான் வேண்டும். அவள் வீட்டில் மூணு வேளையும் இட்லி, சாதம், தோசை. எதை விடுவாள்?

உப்பு விஷயத்தில்தான் எனக்குக் கோபம் வரும். இமாசலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் 1956-இல் டாக்டர் ராமலிங்கசாமி குழுவினர் சில பகுதிகளுக்கு அயோடின் கலந்த உப்பும், சில பகுதிகளுக்குச் சாதா உப்பும் கொடுத்துப் பார்த்தார்கள். அயோடின் உப்பு போன ஊர்களில் கழுத்து வீக்கம் குறைந்தது. அதன் பிறகுதான் 1962-இல் அரசு தேசியத் திட்டமே தொடங்கியது. மக்கள் நேரடியாகச் சாப்பிட அயோடின் இல்லாத உப்பை விற்கக்கூடாது என்பது 1997-இல் வந்து, 2000-இல் எடுக்கப்பட்டு, 2006 மே மாதம் மறுபடி அமலானது. இவ்வளவு இழுபறிக்குப் பிறகு கிடைத்ததை, “இந்துப்பு இயற்கையானது” என்று யாரோ யோகா வகுப்பில் சொன்னார்கள் என்று எங்கள் வீட்டிலேயே தூக்கிப் போட்டோம். எனக்காக வாங்கிய இந்துப்பைத்தான் என் பெண்ணும் தின்றாள், அப்போது கர்ப்பமாக இருந்த நாத்தனாரும் தின்றாள். இந்துப்பில் சேர்த்தால் ஒழிய அயோடின் என்று சொல்லிக்கொள்ளும்படி இருக்காது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் வேண்டும், கர்ப்பிணிக்கு 250. வயிற்றுக் குழந்தையின் மூளை வளர அது தேவை. எனக்கு அயோடின் உப்பால் ஹாஷிமோட்டோ குணமாகப் போவதில்லை, கடல்பாசி மாத்திரை என்று அளவுக்கு மீறிப் போனால் கெடவும் செய்யும். வீட்டில் மற்றவர்களுக்காகத்தான் சொல்கிறேன். அயோடின் கலந்த கல்லுப்பே பாக்கெட்டில் கிடைக்கிறது. மூடி போட்ட ஜாடியில், அடுப்புக்குப் பக்கத்தில் இல்லாமல் வையுங்கள், குழம்பை இறக்கும்போது போடுங்கள்.

அப்படியென்றால் சாப்பாட்டுக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. மலச்சிக்கல் இந்த நோயோடு வருகிற இலவச இணைப்பு. வாழைத்தண்டு, கீரைத்தண்டு, கொண்டைக்கடலை, போதுமான தண்ணீர் இவைதான் எனக்கு உதவின. கெட்ட கொழுப்பு ஏறும், ஆகவே வடை, பஜ்ஜியைக் குறைக்க வேண்டியிருந்தது. ரத்தசோகையைப் பாருங்கள். தைராய்டு ஹார்மோனைத் தயாரிக்கிற நொதிக்கே இரும்பு வேண்டும், நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. களைப்பு எதனால் என்று தெரியாமல் எல்லாவற்றையும் தைராய்டு தலையில் போடுகிறோம். முடி கொட்டுகிறது என்று பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை போடுகிறவர்கள் ரத்தம் கொடுப்பதற்கு ரெண்டு நாள் முன்னால் அதை நிறுத்துங்கள். ரிப்போர்ட்டைத் தப்பாகக் காட்டிவிடும்.

எடையா? இந்தக் குறையால் மட்டும் கூடுகிற எடை பெரும்பாலும் ரெண்டேகாலிலிருந்து நாலரைக் கிலோதான் என்கிறார்கள் அமெரிக்கத் தைராய்டு சங்கத்தார், அதிலும் உப்பும் நீருமே அதிகம். எனக்குக் கூடியது பதினொன்று. மீதி யாருடைய கைவண்ணம் என்று எனக்கும் தெரியும், எங்கள் தெருமுனை பேக்கரிக்காரருக்கும் தெரியும்.

சாப்பாட்டாலேயே தைராய்டைச் சரிசெய்த காலமும் ஒன்று இருந்தது. 1891-இல் இங்கிலாந்தின் நியூகாஸிலில் ஜார்ஜ் மரே என்ற இளம் டாக்டர், ஆட்டுத் தைராய்டுச் சாற்றை 46 வயதுப் பெண் ஒருவருக்கு ஊசியாகப் போட்டார். அடுத்த வருஷமே ஊசி வேண்டாம், ஆட்டுச் சுரப்பியைச் சாப்பிட்டாலே போதும் என்று மற்ற டாக்டர்கள் கண்டுபிடித்தார்கள். அந்தப் பெண் 74 வயது வரை வாழ்ந்தார். அதற்கு 870-க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பி தேவைப்பட்டது. என் டப்பாவில் நூறு மாத்திரை, விரல் நகத்தைவிடச் சின்னது ஒவ்வொன்றும். அதைப் போய்க் கொத்தமல்லித் தண்ணீரை நம்பி நிறுத்திவிட்டவர்களை எனக்குத் தெரியும். ரெண்டு மாதம் “நல்லாத்தான் இருக்கேன்” என்பார்கள், மூன்றாம் மாதம் முகம் உப்பி வந்து நிற்பார்கள். கர்ப்பமானவர்கள் கனவில்கூட நிறுத்தக்கூடாது. அவர்களுக்கு அளவு கூட்டத்தான் வேண்டியிருக்கும்.

எங்கள் வீட்டில் இப்போது கோஸ் திரும்ப வந்துவிட்டது. என் மாமியார் கும்பகோணத்துக்காரர், காபி விஷயத்தில் யார் சொல்லும் அவரிடம் செல்லாது. மாத்திரைக்கும் காபிக்கும் சண்டை என்று சொன்னபோது, “காபி யாரையும் கெடுத்ததில்ல” என்று ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. 0.3 ரிப்போர்ட்டைக் காட்டிய பிறகுதான் நம்பினார். இப்போது காலை அஞ்சு மணிக்கு நான் மாத்திரையை விழுங்கியதும் அவர்தான் சமையலறைக் கடிகாரத்தைப் பார்த்து வைத்துக்கொள்கிறார். டிகாக்‌ஷன் இறங்கி மணம் வீடு முழுக்கச் சுற்றும். நான் மெல்ல டபராவை எடுத்தால் அடுப்படியிலிருந்து குரல் வரும்: “வை அதை. இன்னும் பன்னெண்டு நிமிஷம் இருக்கு.”