லோங்கேவாலாவில் எல்லோரும் மாண்டுவிடவில்லை

"லோங்கேவாலாவில் 120 பேரும் மடிந்தார்கள், மேஜர் குல்தீப் சிங் சந்த்புரி மட்டுமே தப்பிப் பரம்வீர் சக்ரா பெற்றார்" என்று 1971 இந்தியா–பாகிஸ்தான் போரைப் பற்றி ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு. இந்தச் சண்டையை வைத்து எடுத்த 'பார்டர்' இந்தித் திரைப்படத்தில் வரிசையாக வீரர்கள் சாய்வதைப் பார்த்தவர்களுக்கு இந்த எண்ணம் வருவது இயல்புதான்.

1971 டிசம்பர் 4 இரவு, ராஜஸ்தான் எல்லையை ஒட்டிய லோங்கேவாலா சாவடியில் இருந்தது இந்திய ராணுவத்தின் 23ஆவது பஞ்சாப் பட்டாலியனின் ஒரு கம்பெனி. நம் தரப்பில் உயிரிழந்தவர்கள் இருவர். பின்வாங்கலாம் என்று மேலிடம் வாய்ப்புக் கொடுத்தும் சந்த்புரி நகரவில்லை. ஜீப்பில் பொருத்திய பீரங்கி, அவசரமாகப் புதைத்த சில கண்ணிவெடிகள், இவற்றை வைத்தே இரவைக் கடத்தினார். முள்கம்பி வேலியைக் கண்ட பாகிஸ்தான் படையினர், உள்ளே கண்ணிவெடி வயல் இருக்கிறது என்று நம்பித் தயங்கி நின்றார்கள். அந்தத் தயக்கம்தான் பெரிய உதவி!

ஜெய்சல்மர் தளத்தில் இருந்த நம் விமானப் படையின் ஹண்டர் போர் விமானங்களுக்கு இரவில் தாக்கும் வசதி கிடையாது. விடிந்ததும் வந்தன, மணலில் சிக்கிய டாங்குகளை ஒவ்வொன்றாக அடித்தன. அதற்காக 'விமானப் படையே எல்லாம் செய்தது' என்பதும் சரியல்ல. விடியும்வரை சாவடி நின்றிருக்க வேண்டுமே.

சந்த்புரி பெற்றது பரம்வீர் சக்ராவுக்கு அடுத்த விருதான மகாவீர் சக்ரா. காசாவில் ஐ.நா. படையிலும் பணியாற்றியிருக்கிறார், சென்னை அதிகாரிகள் பயிற்சிப் பள்ளியில் இருமுறை பயிற்றுநராக இருந்திருக்கிறார் (இதை நம்மவர்களே அதிகம் பேசுவதில்லை). பிரிகேடியராக ஓய்வு பெற்று, 2018 நவம்பரில் காலமானார்.