நாலு நாற்காலியைப் பார்க்காமல் ஆல்பனியைப் பற்றிப் பேசாதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். எழுத வேண்டாம் என்று மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. பேச்சு, 1800-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், அதன் தலைநகர் ஆல்பனியில், டிவிட் கிளின்டன் ஆட்களும் மார்ட்டின் வான் பியூரனின் பக்டெயில் ஆட்களும் போட்ட சண்டையைப் பற்றி. "நியூயார்க் சட்டமன்றத்தில் பக்டெயில் கோஷ்டி, கிளின்டன் கோஷ்டி என்பதெல்லாம் இரண்டு பெரிய மனிதர்களின் ஈகோ மோதல், அவ்வளவுதான்" என்று மேடையில் சொன்னார்கள். அரங்கே கைதட்டியது. மாநிலப் பதவிகளுக்கு ஆள் போட்ட நியமனக் குழுவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல நான் எழுந்தால், "அதெல்லாம் நுணுக்கங்க, விடுங்க" என்று மைக் வேறு பக்கம் போய்விட்டது.

அந்த நுணுக்கத்தை விட்டால் இந்தக் கதையில் மிச்சம் எதுவுமே இல்லை. அதனால் இங்கேயாவது முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

1777-இல் எழுதிய நியூயார்க் அரசியல் சட்டத்தில், ஆளுநர் நினைத்தால் ஒரு ஆளைப் பதவியில் உட்காரவைக்க முடியாது. அதற்கென்று ஒரு நியமனக் குழு. மாநிலம் தெற்கு, நடு, கிழக்கு, மேற்கு என்று நான்கு செனட் வட்டாரங்களாக இருந்தது. வட்டாரத்துக்கு ஒரு செனட்டர், ஆக நாலு பேர். அவர்களைத் தேர்ந்தெடுப்பது கீழவையான அசெம்பிளி. அதுவும் வருடா வருடம். ஒருவரே அடுத்தடுத்து இரண்டு வருடம் இருக்கக்கூடாது. ஆளுநர் தலைமை தாங்குவார், ஆனால் இரண்டுக்கு இரண்டு என்று இழுபறி ஆனால்தான் அவருக்கு வாக்கு. பெயரை முன்மொழியும் உரிமை யாருக்கு என்று ஜான் ஜே ஆளுநராக இருந்தபோது பெரிய தகராறு. 1801-இல் ஆரன் பர் தலைமையில் அரசியல் சட்ட மாநாடு கூடி, நாலு உறுப்பினர்களுக்கும் அந்த உரிமை உண்டு என்று முடித்துவிட்டது. அதன்பிறகு ஆளுநர் பேருக்குத்தான் தலைவர்.

இப்போது கணக்குப் போடுங்கள். அசெம்பிளியில் உங்களுக்கு ஒரே ஒரு வாக்கு கூடுதலாக இருந்தால் போதும், நாலு நாற்காலியும் உங்களுடையது. ஒரே ஒரு சிக்கல்: ஒவ்வொரு வட்டாரத்திலும் உங்கள் கோஷ்டி செனட்டர் ஒருவராவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எதிர்த்தரப்பில் யார் சாய்வார் என்று தேட வேண்டும். நாலில் மூன்று கிடைத்துவிட்டால் ஆளுநரின் வாக்குக்கு வேலையே கிடையாது.

அந்த நாலு பேர் கையில் என்ன இருந்தது? 1821-இல் எடுத்த கணக்கு: சிவில் பதவிகள் 6,663, மிலிஷியா என்ற மாநிலக் குடிமக்கள் படையில் பதவிகள் 8,287, மொத்தம் 14,950. மாநிலத்தின் மக்கள்தொகையே அப்போது சுமார் 13 லட்சத்து 70 ஆயிரம்தான். மாவட்ட ஷெரீஃப், கவுண்டி கிளார்க், நியூயார்க் நகர மேயர், அட்டர்னி ஜெனரல், ஏலம் விடுகிறவர், ஊர் ஊருக்குச் சின்ன வழக்குகளைப் பார்க்கும் அமைதி நீதிபதி, எல்லோரும் அந்த நாலு பேர் வைத்தால் இருப்பார்கள், எடுத்தால் போவார்கள். இப்படி ஒரு ஏற்பாட்டில் கோஷ்டி கட்டாமல் இருக்க முடியுமா? காந்தியையே கொண்டுபோய் அந்த அசெம்பிளியில் உட்காரவைத்தாலும் ஜனவரி மாதம் அவர் எந்தப் பக்கம் என்றுதான் முதலில் கேட்டிருப்பார்கள்.

ஈகோ, ஈகோ என்கிறீர்களே, 1816-ஐப் பாருங்கள். ஒன்டாரியோ கவுண்டியிலிருந்து ஒரு அசெம்பிளி இடம். ஹென்றி ஃபெலோஸ் என்ற ஃபெடரலிஸ்ட், பீட்டர் ஆலன் என்ற ரிபப்ளிகன். அன்றைக்கு இருந்த இரண்டு கட்சிகள் இவை; இன்றைய ரிபப்ளிகன் கட்சி வேறு. ஃபெலோஸுக்குத்தான் அதிக வாக்கு. ஆனால் பெனிங்டன் ஊர்க் கணக்கில் அவர் பெயர் "ஹென்." ஃபெலோஸ் என்று சுருக்கி எழுதப்பட்டிருந்தது. ஹென்றி வேறு, ஹென். வேறு என்று அந்த 49 வாக்கைத் தள்ளிவிட்டு, ஆலனிடம் சான்றிதழைக் கொடுத்துவிட்டார்கள். ஆல்பனியில் இரண்டு தரப்பும் கிட்டத்தட்ட சரிக்குச் சரி. ஃபெலோஸ் மனு கொடுத்தார். மனு நியாயமானது என்று எல்லோருக்கும் தெரியும். ரிபப்ளிகன்கள் என்ன செய்தார்கள்? மனுவை ஓரமாக வைத்தார்கள். ஆலனின் வாக்கையும் சேர்த்து முதலில் நியமனக் குழுவைத் தேர்ந்தெடுத்தார்கள். நாலு நாற்காலியும் கைக்கு வந்தபிறகு, ஆலனை எழுப்பிவிட்டு ஃபெலோஸை உட்காரவைத்தார்கள். அதற்குப் பெரிய எதிர்ப்புகூட இல்லை. அந்த இடம் இனி யாருக்கும் தேவைப்படவில்லை.

இதில் யாருடைய ஈகோ இருக்கிறது? ஒரு எழுத்தரின் பேனாச் சுருக்கம் ஒரு வருடத்துப் பதவிகள் அத்தனையையும் தீர்மானித்தது. ஆளை மாற்றிப் போட்டாலும் இதேதான் நடந்திருக்கும். இதைத்தான் ஞாயிற்றுக்கிழமை சொல்ல வந்தேன்.

"சரி, கிளின்டன் அகம்பாவம் பிடித்தவர் இல்லையா?" என்று கேட்பீர்கள். ஆமாம், பிடித்தவர்தான். யாரையும் மதிக்காமல் பேசுவார், கூட இருந்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அவருடைய மேயர் பதவியைப் பாருங்கள். 1803-இல் நியமனம். 1807-இல் நீக்கம். 1808-இல் மறுபடி. 1810-இல் நீக்கம். 1811-இல் மறுபடி. 1815-இல் நீக்கம். அகம்பாவம் வருடத்துக்கு வருடம் ஏறி இறங்குமா? நியமனக் குழு யார் கைக்குப் போகிறதோ, மேயர் நாற்காலி அந்தப் பக்கம் போனது. இன்னொன்றும் சொல்ல வேண்டும், மறைத்தால் நான் நேர்மையானவன் இல்லை: 1801 குழுவில் செனட்டராக உட்கார்ந்து, எதிர்த்தரப்பு ஆட்களைக் கூட்டமாக நீக்கும் வழக்கத்தைத் தொடங்கி வைத்தவர்களில் இதே டிவிட் கிளின்டனும் ஒருவர். அவர் தீட்டிய கத்திதான் அவர்மேல் மூன்று முறை பாய்ந்தது.

1817-இல் அவர் ஆளுநரானார். டாமனி என்ற நியூயார்க் நகர அரசியல் சங்கத்தார் தொப்பியில் மான்வால் செருகிக்கொள்வார்கள். அதனால் அவரை எதிர்த்த ரிபப்ளிகன்களுக்கு பக்டெயில் என்று பெயர். தலைவர் மார்ட்டின் வான் பியூரன். இவர்கள் கிளின்டன் முன்னின்று கொண்டுவந்த, ஹட்சன் ஆற்றை ஈரி ஏரியோடு இணைக்கும் கால்வாய்க்கு எதிரிகள், ஆகவே முன்னேற்றத்துக்கு எதிரிகள் என்றும் மேடையில் சொன்னார்கள். டாமனி ஆட்கள் எதிர்த்தது உண்மை. ஆனால் 1817 ஏப்ரலில் ஈரி கால்வாய் மசோதா செனட்டில் வந்தபோது அதை ஆதரித்துப் பேசி வாக்களித்தவர் இதே வான் பியூரன். பிறகு சண்டை எங்கே வந்தது? கால்வாயை யார் நடத்துவது என்பதில். 363 மைல் தோண்ட வேண்டும். அத்தனைக்கும் ஒப்பந்தக்காரர், மேற்பார்வையாளர், கூலி. கமிஷனர் பதவிக்கு 1819-இல் சட்டமன்றத்தில் வாக்கெடுத்தபோது பக்டெயில் தரப்பின் ஹென்றி சீமோர் கிளின்டனின் ஆளை ஒரே வாக்கில் தோற்கடித்தார். கால்வாய் வாரியம் கைமாறியது. மறுபடியும் ஒரு வாக்கு, மறுபடியும் நாற்காலி.

அதே வருடம் ஜனவரியில்தான் வெளிப்படையான பிளவு. சபாநாயகர் தேர்தலுக்கு முன்னால் ரிபப்ளிகன்கள் காக்கஸ் என்ற கட்சிக் கூட்டம் கூட்டி, பெரும்பான்மை முடிவுக்கு எல்லோரும் கட்டுப்படுவது வழக்கம். காக்கஸில் வில்லியம் தாம்சன் ஜெயித்தார். கிளின்டன் ஆட்கள் அதை ஏற்காமல், ஃபெடரலிஸ்டுகளின் வாக்கோடு ஒபதையா ஜெர்மனைச் சபாநாயகராக்கினார்கள். வான் பியூரன் இதை மன்னிக்கவே இல்லை. அவரைப் பழிவாங்குகிறவர் என்று எழுதுகிறவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும்: ஒரு வாக்கில் 14,950 பதவி கைமாறுகிற இடத்தில், சொன்ன சொல்லுக்குக் கட்டுப்படாத பத்துப் பேர் கட்சியையே தெருவில் நிறுத்திவிடுவார்கள். காக்கஸ் கட்டுப்பாடு அவருக்கு உயிர்நாடியானது அதனால்தான். அந்த ஜூலையிலேயே அவருடைய அட்டர்னி ஜெனரல் பதவியை கிளின்டன் தரப்புக் குழு பறித்தது. 1820-இல் கிளின்டன் 1,500-க்கும் குறைவான வித்தியாசத்தில் மறுபடி ஆளுநர். சட்டமன்றமோ பக்டெயில் கையில். 1821 முழுக்க, தன் ஆட்களை நாலு பேர் வரிசையாக நீக்கும் குழுவுக்கு அவரே தலைமை தாங்கி உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது. ஒருமுறை அந்த அறையை மனதில் கொண்டுவந்து பாருங்கள்.

"1821 அரசியல் சட்ட மாநாட்டில் நியமனக் குழுவையே ஒழித்துவிட்டார்களே, அப்புறமும் கோஷ்டி இருந்ததே?" இது நல்ல கேள்வி. ஞாயிற்றுக்கிழமை யாராவது இதைக் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். குழு போனது, சாவிகள் போகவில்லை. கன்ட்ரோலர் என்ற மாநிலக் கணக்கு அதிகாரி, அட்டர்னி ஜெனரல் முதலியோரைச் சட்டமன்றம் தேர்ந்தெடுத்தது. வாஷிங்டனுக்குப் போகும் அமெரிக்க செனட்டரையும் அதுவே. ஜனாதிபதித் தேர்தலில் மாநிலத்தின் சார்பில் வாக்களிக்கும் தேர்வாளர்கள் 36 பேரையும் அதுவே. அமைதி நீதிபதிகளுக்கு இரண்டு பட்டியல் போட்டு, ஒத்துப்போகாவிட்டால் ஆளுநர் தேர்ந்தெடுக்கும்படி வைத்தார்கள். 1826-இல்தான் அது மக்கள் வாக்குக்கு வந்தது. அந்த மாநாட்டைப் பெரிய ஜனநாயக வெற்றி என்று கொண்டாடுகிறவர்கள், கறுப்பின ஆண்களுக்கு மட்டும் 250 டாலர் சொத்துத் தகுதி வைத்ததும் அதே மாநாடு என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். அவர்கள் பெரும்பாலும் பக்டெயிலுக்கு வாக்களிக்காதவர்கள். 1826-இல் வெள்ளையர்களுக்கு மிச்சமிருந்த தகுதியும் நீங்கியது. இவர்களுக்கு அந்த 250 டாலர் அப்படியே நின்றது. இதை எழுதும்போது எனக்குக் கை நடுங்குகிறது. கோஷ்டிக் கணக்கு என்பது பதவிக் கணக்கோடு நிற்காமல் மனிதர்களின் வாக்குரிமை வரைக்கும் போனது.

கடைசியாக 1824. தேர்வாளர்களை மக்களே தேர்ந்தெடுக்கும் மசோதாவை அசெம்பிளி நிறைவேற்றியது. செனட் 17-க்கு 14 என்று நவம்பருக்குத் தள்ளி வைத்தது, அதாவது கொன்றது. "பதினேழு செனட்டர்கள்" என்பது அந்த வருடம் மாநிலம் முழுக்க ஒரு வசவு. மக்கள் கட்சி என்று புதிதாக ஒன்று கிளம்பியது. அதை உடைக்க பக்டெயில்கள் ஒரு பொறி வைத்தார்கள். ஏப்ரல் 12, கூட்டத் தொடரின் கடைசி நாள். கிளின்டனைக் கால்வாய் கமிஷனர் பொறுப்பிலிருந்து நீக்கும் தீர்மானம். சம்பளமே வாங்காமல் அவர் பார்த்துவந்த வேலை. ஆதரித்தால் மக்கள் கட்சிக்காரர்கள் கிளின்டன் ஆதரவாளர்களை இழப்பார்கள். எதிர்த்தால் பழைய பக்டெயில் நண்பர்களை இழப்பார்கள். செனட்டில் 21-க்கு 3, அசெம்பிளியில் 64-க்கு 34. மக்கள் கட்சியின் ஜேம்ஸ் டால்மேட்ஜ் நீக்கத்துக்கு ஆதரவாக வாக்களித்தார். ஆளுநர் வேட்பாளர் ஆகும் ஆசை அவருக்கு.

ஒரு காரணமும் சொல்லவில்லை. பல வருடம் உழைத்த மனிதனை, சபை கலையும் நேரத்தில் ஒரு வரித் தீர்மானத்தால் வெளியே அனுப்பினார்கள். அவருடைய அகம்பாவம், 1801-இல் அவர் செய்தது எல்லாம் எனக்குத் தெரியும்; தெரிந்தும் இந்த இடத்தில் அவருக்காக மனம் கொதிக்கிறது. எனக்கு மட்டுமில்லை, அன்றைக்கு நியூயார்க்கே கொதித்தது. நவம்பரில் 16,000-க்கும் அதிகமான வித்தியாசத்தில் அவரை ஆளுநராக்கினார்கள். டால்மேட்ஜுக்குக் கிடைத்தது துணை ஆளுநர் பதவி. அதே மாதம் சட்டமன்றம் கூடித் தேர்வாளர்களைத் தேர்ந்தெடுத்தபோது வான் பியூரனின் கணக்கும் சிதறியது: டிசம்பரில் அந்த 36 பேர் ஜனாதிபதிக்கு வாக்களித்தபோது ஆடம்ஸுக்கு 26, வான் பியூரனின் ஆளான கிராஃபோர்டுக்கு வெறும் 5, கிளேவுக்கு 4, ஜாக்சனுக்கு 1.

"நீங்கள் பதவி வேட்டையை நியாயப்படுத்துகிறீர்கள்" என்று ஒருவர் எனக்குத் தனியாக எழுதியிருந்தார். நியாயப்படுத்தவில்லை. யார் சாவியை எங்கே வைத்திருந்தார்கள் என்று சொல்கிறேன். இத்தனை வருடம் இதைப் படித்தவனிடம், ஒரு நிமிடம் கேட்க நேரமில்லை என்று சொன்னதுதான் வலிக்கிறது. அடுத்த கூட்டத்தில் இதே பேச்சு வந்தால், உங்களில் யாராவது எழுந்து ஒன்றே ஒன்று கேளுங்கள்: பெனிங்டன் ஊரின் 49 வாக்கு எங்கே போனது?