காணியும் வாய்க்காலும் சபையின் வேலைதான்

உள்ளூராட்சி சபைத் தேர்தலுக்காக எங்கள் ஊரில் நடந்த நேற்றைய வட்டாரக் கூட்டத்து வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள், திரும்பப் போடவில்லை. வாய்க்காலை மூடி மதில் கட்டுவதையும், பள்ளக்காணிகளை நிரப்பித் துண்டு போட்டு விற்பதையும் பற்றி ஒரு அக்கா எழும்பிக் கேட்டார். "அது எங்கட வேலையில்லை அக்கா, நகர அபிவிருத்தி அதிகார சபையின்ர விஷயம். நாங்கள் றோட்டும் லைட்டும் போட்டுத் தருவம்" என்றார் வேட்பாளர். சனம் கைதட்டியது. அந்தப் பதிலைவிடக் கைதட்டல்தான் எனக்குத் தாங்கவில்லை.

தம்பி, அது உங்கள் வேலைதான். உள்ளூராட்சி சபையின் அனுமதியில்லாமல் வீடு எழுப்ப முடியாது என்பது 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு நகர மேம்பாட்டுச் சட்டத்திலிருந்தே இருக்கிறது. அதிகார சபைக்கான சட்டம் 1978இல் வந்த பிறகும், சாதாரண வீட்டுக்கு வரைபடத்தோடு சனம் போய் நிற்பது பிரதேச சபை வாசலிலும் மாநகர சபை வாசலிலும்தான். வயலை நிரப்புவது கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு, சரி. நிரப்பிய காணியில் வீடு கட்டக் கேட்கும் விண்ணப்பம் யாருடைய மேசைக்கு வருகிறது?

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. எங்கள் கிணறுகளில் ஊறுவது சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கும் மழைத்தண்ணீர்தான். கிணற்றுக்கும் மலக்குழிக்கும் 50 அடி இடைவெளி வேண்டும் என்பார்கள். 2 பரப்புக் காணி சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 74 அடிதான் வரும். உங்கள் கிணற்றிலிருந்து தள்ளி வெட்டிய குழி பக்கத்து வீட்டுக் கிணற்றுக்குக் கிட்டப் போய்விடும். இதைப் பார்க்காமல் துண்டு போட அனுமதி கொடுத்தால் அது யாருடைய பிழை?

2024 நவம்பர் மழையில் எங்கள் வளவுக்குள் முழங்காலளவு வெள்ளம். அப்பா இருந்த காலத்தில் ஒழுங்கையோரத்து வாய்க்காலால் ஒரே இரவில் வடிந்துவிடும். இப்போது அதன் மேல் மதில் நிற்கிறது. மலக்குழியும் கிணறும் ஒன்றாக நிரம்பிக் கிடந்தன. தை பிறந்த பிறகும் அம்மா அந்தக் கிணற்றில் ஒரு வாய் குடிக்கவில்லை, போத்தல் தண்ணீர் வாங்கினோம். சபைக்குக் கடிதம் கொடுத்தேன். "வந்து பார்ப்பம்" என்றார்கள், ஒருவரும் வரவில்லை. 2023 மார்ச்சிலிருந்து சபைகளில் தெரிவான உறுப்பினரே இருக்கவில்லை, போய்க் கேட்க ஆளிருக்கவில்லை. அதனால்தான் இந்த 2025 மே 6ஆம் தேதித் தேர்தலை அவ்வளவு எதிர்பார்த்திருந்தேன்.

"உங்களுக்கு வீடு இருக்கு, காணியில்லாத சனம் எங்க போறது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வலிகாமம் வடக்கிலிருந்து 1990இல் யுத்தத்தால் எழும்பின சனம் முகாம்களில் எத்தனை வருடம் கிடந்தது என்று எனக்கும் தெரியும். ஆனால் அந்த நிரப்பின பள்ளக்காணியை வாங்குகிறவர் யார்? மேட்டுக்காணி வாங்கக் காசில்லாதவர்தான். சீட்டுப் பிடித்து, நகை அடகு வைத்து வாங்குகிறார். மூன்றாம் மாரிக்குள் வெள்ளம் அவருடைய அடுப்படியில் நிற்கிறது. துண்டு போட்டு விற்றவர் அதற்குள் அடுத்த வயலுக்குப் போய்விடுவார். காணியில்லாத சனத்தின் பெயரைச் சொல்லி இதை நியாயப்படுத்தாதீர்கள். அந்தச் சனத்துக்கு எந்த இடத்தில் வீடு, தண்ணீர் எதால் ஓடும் என்று உட்கார்ந்து திட்டம் போடுவதும் சபையின் வேலைதான்.

வெளிநாட்டுக் காசால் காணி விலை ஏறியது என்கிறார்கள். ஏறட்டும். அதற்கும் வாய்க்காலுக்கு மேல் மதில் கட்ட அனுமதி கொடுத்ததற்கும் என்ன தொடர்பு?

இதே விஷயத்தை எழுதிய போன பதிவுக்குக் கீழே என்னை "வளர்ச்சிக்கு எதிரி" என்று எழுதியவர்களில் இரண்டு பேர் என்னோடு ஒன்றாகப் படித்தவர்கள். இடம்பெயர்ந்து திரும்பி வந்து, கூரையில்லாத வீட்டை ஓடு ஓடாகச் சேர்த்துக் கட்டியவர்கள் நாங்கள். இந்த ஊர் வளரக் கூடாது என்று நானா நினைப்பேன்? எனக்கு வலித்தது.

வாக்குக் கேட்டு எங்கள் படலைக்கு வருகிறவர்களிடம் நோட்டீஸை வாங்கமாட்டேன். இந்த வட்டாரத்தின் வாய்க்கால் வரைபடத்தைச் சபை வாசலில் ஒட்டுவீர்களா, அனுமதி கொடுக்கும் கூட்டத்துக்குச் சனத்தை வரவிடுவீர்களா, இந்த இரண்டுக்கும் பதில் சொல்லட்டும். அந்த அக்கா கேட்ட கேள்விக்கு இன்னும் ஒரு கட்சியும் பதில் சொல்லவில்லை.