தோற்க ஆள் இருந்தால்தான் லீக்

"ரெஸ்லிங்கே டூப்பு. அதுக்கு ஒரு கற்பனை லீக் வேறயா?" என்று யாராவது கேட்டால் நான் மல்லுக்கு நிற்பதில்லை. கேள்வி நியாயமானதுதான். கிரிக்கெட்டில் பேன்டசி டீம் போடுகிறவர் நாளைக்கு யார் அடிப்பார், யார் விக்கெட் எடுப்பார் என்று கணக்குப் போடுகிறார். ரெஸ்லிங்கில் யார் ஜெயிக்க வேண்டும் என்பதை ஒருத்தர் அறைக்குள் உட்கார்ந்து முதலிலேயே எழுதிவிடுகிறார். இது ஒன்றும் ரகசியம் இல்லை. 1989-லேயே வின்ஸ் மக்மேனின் டபிள்யூ.டபிள்யூ.எஃப். நிறுவனம் நியூ ஜெர்சி மாநில செனட்டில், இது போட்டி விளையாட்டு இல்லை, பொழுதுபோக்கு நிகழ்ச்சி என்று தானாகவே ஒப்புக்கொண்டது. விளையாட்டு என்றால் ஆணையத்தின் கட்டுப்பாடு உண்டு, வரி உண்டு. பொழுதுபோக்கு என்றால் இரண்டும் மிச்சம். மானத்தைவிட வரி பெரிது.

எழுதி வைத்ததைக் கணிப்பதில் என்ன பெருமை இருக்கிறது? அதனால் இந்த லீக்கைத் தொடங்கினவர்கள் வேறு வழியில் போனார்கள். கணிக்க வேண்டாம், நாமே எழுதிக்கொள்வோம் என்றார்கள். 2000-ஐ ஒட்டிய வருஷங்களில் பாளையங்கோட்டை, வண்ணார்பேட்டைப் பக்கம் பிரவுசிங் சென்டர்களில் உட்கார்ந்து அதை ஆடிய ஒரு சிறு கூட்டம் உண்டு. நானும் அதில் ஒருத்தன். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அப்பாமார்களுக்கு தாராசிங், கிங்காங் என்ற மல்லர்கள். எங்களுக்கு ட்ரம்ப் கார்டு, ரெஸ்லர்கள் படமும் எண்களும் போட்ட சீட்டு. வீட்டில் கேபிள் வராதவனுக்கும் ரெஸ்லிங் சட்டைப்பைக்குள் வந்துவிட்டது. உயரம், எடை, மார்பு, பைசெப்ஸ், மோதிய சண்டை, ஜெயித்த சண்டை, ரேங்க். யோகோசுனா கையில் இருந்தால் எடையைச் சொல்லிச் சீட்டைப் பிடுங்கலாம். ஜயண்ட் கோன்சாலஸ் இருந்தால் உயரம். அந்த எண்களிலும் பாதி கதைதான். கோன்சாலஸ் அர்ஜென்டினாவில் கூடைப்பந்து ஆடியவர். 1988-ல் அமெரிக்காவின் அட்லாண்டா ஹாக்ஸ் அணி அவரைத் தேர்ந்தெடுத்தபோது அவர் உயரம் 7 அடி 7 அங்குலம். ரெஸ்லிங்குக்கு வந்ததும் 8 அடி ஆகிவிட்டார். ஆக, ஒரு ஆளைப் பற்றி எழுதினால் அவன் வளர்வான் என்பது பத்து வயசிலேயே எங்களுக்குத் தெரியும். சொல்லத்தான் தெரியாது.

லீக்கின் பிறப்பு தபாலில். 1980-களில் அமெரிக்காவில் தபால் வழி ரெஸ்லிங் ஆட்டம் நடந்தது. ஒருத்தர் லீக்கை நடத்துவார். மற்றவர்கள் தங்கள் கற்பனை மல்லனுக்குப் பெயர் வைத்து, எடை, உயரம், கடைசி அடி என்னவென்று எழுதி, இந்த வாரம் எப்படி மோதப் போகிறான் என்பதையும் சேர்த்துத் தபாலில் போடுவார்கள். நடத்துகிறவர் முடிவை எழுதி, நகல் எடுத்து, எல்லாருக்கும் திருப்பி அனுப்புவார். 1986-ல் டாம் ஃபில்சிங்கர் என்பவர் சீட்டும் தாயக்கட்டையும் வைத்து ஆடுகிற 'சாம்பியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி' ஆட்டத்தை வெளியிட்டார். அதில் மோதுகிறவர்கள் எல்லாம் எதிர்காலத்து விண்வெளி மல்லர்கள். அதோடு நம்ம ட்ரம்ப் கார்டை ஒப்பிட்டால் நம்மதே எளிமை.

அப்புறம் 90-களில் இணையம் வந்தது. ப்ராடிஜி, ஏ.ஓ.எல். என்ற இணையச் சேவைகள், யூஸ்நெட் என்ற விவாதக் குழுக்கள் என்று ஆட்டம் அங்கே குடியேறியது. யூஸ்நெட்டில் இதற்கென்றே தனிக் குழு இருந்தது. ஏ.ஓ.எல். 1996 டிசம்பரில் மணிக்கணக்குக் கட்டணத்தை விட்டுவிட்டு மாதம் 19.95 டாலர் என்று ஒரே கட்டணத்துக்கு மாறியது. அதற்கு அப்புறம்தான் பக்கம் பக்கமாக எழுதும் வியாதி பரவியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். மீட்டர் ஓடாவிட்டால் யார் சுருக்கமாக எழுதுவார்? அதே சமயம் டிவியில் மக்மேனின் நிறுவனமும் அதன் போட்டி நிறுவனமான டபிள்யூ.சி.டபிள்யூ.வும் 1995-லிருந்து 2001 வரை திங்கள்கிழமை ராத்திரிகளில் முட்டிக்கொண்டன. அந்தச் சூட்டில் ஆயிரம் பேருக்குத் தாங்களும் ஒரு கம்பெனி முதலாளி என்று தோன்றியதில் ஆச்சரியம் இல்லை.

ஆட்டத்தின் அடிப்படை இதுதான். லீக்கை ஃபெட் என்பார்கள். ஆடுகிறவர் ஹேண்ட்லர். மோதலுக்கு முன்னால் ஒவ்வொரு ஹேண்ட்லரும் தன் மல்லன் மைக்கைப் பிடித்து எதிராளியைக் கிழிப்பதுபோல் ஒரு பேச்சு எழுத வேண்டும். அதற்கு ஆர்.பி. (ரோல் ப்ளே) என்று பெயர். ஃபெட் நடத்துகிறவர் இரண்டையும் படித்து, எது நன்றாக இருக்கிறதோ அந்த ஆளை ஜெயிக்க வைத்து, சண்டையை முழுசாக எழுதி வெளியிடுவார். எழுத்துக்கு மதிப்பில்லாமல் தாக்குதல் திட்டத்தை மட்டும் வாங்கிக் கணக்குப் போடுகிற ஃபெட்களும் உண்டு. முடிவையே எல்லாரும் கலந்து பேசி எழுதுகிற ஃபெட்களும் உண்டு. நாங்கள் பிடித்துக்கொண்டது ஆர்.பி. வகை. வாய்ப்பேச்சில் ஜெயிக்கலாம் என்றால் திருநெல்வேலிக்காரனுக்கு வேறென்ன வேண்டும்?

முதலில் அமெரிக்க ஃபெட் ஒன்றில் சேர்ந்தோம். அவர்கள் இங்கிலீஷில் நாங்கள் பொட்டலம் ஆனோம். அப்புறம் நாங்களே யாஹூ குரூப்பில் ஒன்று ஆரம்பித்தோம். யூனிகோட் தமிழ் தட்டத் தெரியாது, அதனால் எல்லாம் தங்கிலீஷ். மணிக்கு 20 ரூபாய் கொடுத்து உட்காருவதால் ஆர்.பி.யை நோட்டில் எழுதிக்கொண்டு போய் டைப் அடிப்போம். பாதி நோட்டில் முன்பக்கம் தெர்மோடைனமிக்ஸ், பின்பக்கம் கொலைமிரட்டல். "ஏலே, ஈரடுக்குப் பாலத்துல மேல வந்தாலும் சரி, கீழ வந்தாலும் சரி, இறங்குற இடத்துல நான்தாம்ல நிப்பேன்" என்று ஒருத்தன் எழுதினான். அமெரிக்காக்காரன் எழுதின எந்த ஆர்.பி.யும் எனக்கு இன்றைக்கு ஞாபகம் இல்லை. இது ஒரு எழுத்து மாறாமல் ஞாபகம் இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் ஃபெட் ரெண்டு மாசத்தில் படுத்தது. காரணம் எளிது: சாம்பியன் பெல்ட் ஒன்று, ஆள் பத்துக்கு மேல், எல்லாரும் டிவியில் பார்த்த அண்டர்டேக்கர். ஒவ்வொருத்தன் மல்லனும் சுடுகாட்டிலிருந்து எழுந்து வருவான், எவனாலும் வீழ்த்த முடியாதவன். தோற்றவன் மறுவாரம் எழுத மாட்டான். கேட்டால் பரீட்சை என்பான். நடத்தினவர் எங்கள் சீனியர், நல்ல மனுஷன், ஆனால் கடைசியில் தன் ஆளையே சாம்பியன் ஆக்கிக்கொண்டார். உலகத்தில் செத்துப்போன ஃபெட்களில் பெரும்பாலானவை இந்த ஒரு வியாதியில்தான் செத்திருக்கும். "அண்ணாச்சி, ஒங்க ஆளுக்கு நீங்களே மார்க் போட்டா எப்படி?" என்று கேட்டதற்கு, "வேற எவம்ல எழுதுதான்?" என்றார். அதுவும் உண்மைதான்.

திரும்ப எழுப்பியது அம்பாசமுத்திரத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோன ஒரு நண்பன். அவன் சேரும்போதே சொல்லிவிட்டான்: "மக்கா, எனக்கு பெல்ட் வேண்டாம். எல்லார்ட்டயும் நான் தோக்கேன்." அவன் மல்லன் ஒரு முன்னாள் கண்டக்டர். ஒவ்வொரு வாரமும் அடிவாங்குவான். ஆனால் ஆர்.பி.யில் எதிராளியைப் பார்த்து அவன் பயந்ததுபோல் வேறு யாரும் பயந்து எழுதியதில்லை. அவனிடம் ஜெயித்தவன் பெரிய ஆளாகிவிடுவான். வில்லுப்பாட்டில் புலவர் ஒரு வரி சொன்னதும் பக்கத்தில் "ஆமா" போடுகிறவர் இருக்கிறாரே, அவர் சோர்ந்தால் சுடலைமாடன் கதையே படுத்துவிடும். அவன் எங்களுக்கு அந்த "ஆமா".

நிஜ ரெஸ்லிங்கிலும் இதற்கென்று ஆட்கள் உண்டு, ஜாபர் என்பார்கள். 1985 மார்ச்சில் நடந்த முதல் ரெஸில்மேனியாவில் எஸ்.டி. ஜோன்ஸ் என்பவர் கிங் காங் பண்டியிடம் 9 விநாடியில் தோற்றதாக அறிவித்தார்கள். கடிகாரத்தை வைத்துப் பார்த்தால் இருபது விநாடிக்கு மேல் வரும். தோல்வியைக்கூடக் குறைத்துச் சொல்லிவிட்டார்கள் பாவம். ஆனால் அந்த 9 விநாடி இல்லாவிட்டால் பண்டியைப் பார்த்து யார் பயப்படுவார்? அண்டர்டேக்கர் ரெஸில்மேனியாவில் தொடர்ந்து 21 தடவை ஜெயித்தார் என்று 2014 வரைக்கும் கொண்டாடினோம். 21 தடவையும் எதிரே ஒருத்தர் படுத்திருக்கிறார், அதற்கு யார் கார்டு அடித்தார்கள்?

எங்கள் கண்டக்டர் கிட்டத்தட்ட ஒரு வருஷம் தோற்றுக்கொண்டே இருந்தான். பிறகு ஒரு நாள் நடத்துகிறவர் யாரிடமும் சொல்லாமல் அவனை ஜெயிக்க வைத்து எழுதிவிட்டார். 1993 மே மாதம் 'ரா' நிகழ்ச்சியில் அதுவரை அடிவாங்கிக்கொண்டிருந்த ஒல்லிப் பையன் ஒருத்தன் ரேஸர் ரமோன் என்ற பெரிய ஆளை மூணு எண்ணும்வரை அமுக்கினானே, அதற்கு அப்புறம் அவனை '1-2-3 கிட்' என்றே கூப்பிட்டார்கள், அந்தக் கதையைத்தான் சுட்டிருந்தார். சுட்டால் என்ன. பிரவுசிங் சென்டரில் நாங்கள் போட்ட சத்தத்தில் ஓனர் கேபினுக்குள் ஏதோ விபரீதம் நடக்கிறது என்று கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். ஸ்கிரீனில் வெறும் எழுத்தைப் பார்த்ததும் அவருக்குச் சந்தேகம் இன்னும் கூடியது. எங்கள் சாம்பியன்கள் யார் யார் என்று இன்றைக்குக் கேட்டால் சண்டை வரும். அந்த ஒரு ஜெயிப்பு மட்டும் எல்லாருக்கும் ஒரே மாதிரி ஞாபகம் இருக்கிறது.

இதற்கு நேர் எதிரானது புள்ளி லீக். 2002 மார்ச்சில் டபிள்யூ.டபிள்யூ.எஃப். தன் ஆட்களை 'ரா', 'ஸ்மாக்டவுன்' என்று ரெண்டாகப் பிரித்து டிவியிலேயே ஏலம்போல் எடுத்தது. (ரெண்டு மாசம் கழித்து, பாண்டா கரடிச் சின்னம் வைத்திருக்கும் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பிடம் வழக்கில் தோற்று, அந்த மூன்றெழுத்தையே விட்டுக்கொடுத்து டபிள்யூ.டபிள்யூ.இ. ஆனது.) அதைப் பார்த்து எங்களில் சிலர் நிஜ ரெஸ்லர்களைப் பிரித்து எடுத்து, ஜெயித்தால் இத்தனை புள்ளி, பெல்ட் வாங்கினால் இத்தனை என்று ஆரம்பித்தார்கள். உடனே ஊழல். ஸ்மாக்டவுனை அப்போது செவ்வாய்க்கிழமை பதிவு செய்து வியாழக்கிழமைதான் அமெரிக்காவிலேயே காட்டுவார்கள். நமக்கு இன்னும் தள்ளி வரும். நடுவில் எவன் நெட்டில் முடிவைப் படித்தானோ அவன் ஆளை மாற்றிக்கொள்வான். காசுள்ளவன் ஜெயித்தான் என்று சொல்ல மாட்டேன், புதன்கிழமை 20 ரூபாய் உள்ளவன் ஜெயித்தான்.

அது சின்ன விஷயம். 2005 நவம்பர் 13 அன்று ரெஸ்லர் எடி கெரேரோ ஹோட்டல் அறையில் இறந்துகிடந்தார். வயசு 38. எங்கள் குழுவில் அன்றைக்கு வந்த முதல் செய்தி: "எடி என் டீம்ல இருக்காரு. மாத்து ஆள் எடுக்கலாமா?" எழுதினவன் கெட்டவன் இல்லை, இன்றைக்கும் நல்ல பழக்கம்தான். ஆனால் ஆட்டம் அவனை அப்படிக் கேட்க வைத்தது. ஆர்.பி. எழுதுகிற ஆட்டத்தில் ஒரு ஆளுக்குள் கொஞ்ச நேரமாவது நுழைந்து பார்க்க வேண்டும். புள்ளி லீக்கில் ஆள் ஒரு வரி, வரிக்கு ஒரு எண். அன்றோடு அந்தப் பக்கம் நான் போகவில்லை.

பிறகு நடந்தது எல்லா ஊரிலும் நடந்ததுதான். ஆர்குட்டுக்குப் போனோம், ஆளுக்கொரு வேலை, சென்னை, பெங்களூரு, துபாய். ஆர்குட் 2014-ல் மூடியது. யாஹூ குரூப்பும் போச்சு, அதோடு எங்கள் சண்டைகள் அத்தனையும் போச்சு. நோட்டு வைத்திருந்தவர்களிடம் கொஞ்சம் மிச்சம் இருக்கலாம், தெர்மோடைனமிக்ஸோடு.

இப்போது வாட்ஸ்அப்பில் சின்னப் பையன்கள் திரும்ப ஆரம்பிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது சந்தோஷமாக இருந்தது. இரண்டு ஆர்.பி. அனுப்பினார்கள். படித்தேன். ரெண்டும் ஏ.ஐ. எழுதியது. தப்பில்லாத வாக்கியம், இடி, மின்னல், "நான் புயல்", "நீ தூசி". பாளையங்கோட்டைக்காரன் பேசுகிறானா பாரிஸ்காரன் பேசுகிறானா என்று தெரியவில்லை. எல்லாரும் மறுபடி அண்டர்டேக்கர் ஆகிவிட்டார்கள், இந்தத் தடவை உழைப்பே இல்லாமல். ஏ.ஐ.யைத் திட்ட நான் வரவில்லை, ஆபீசில் நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் பயந்து நடுங்குகிற ஒரு கண்டக்டரை எழுது என்று அதனிடம் கேட்க, முதலில் தோற்கத் தயாரான ஒருத்தன் இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஒரு நல்லது, இந்த ஆட்டத்தில் பணம் நுழையவே இல்லை. பேன்டசி என்றாலே பணம் கட்டுவது என்றாகி, பல குடும்பங்கள் நொந்து, 2025 ஆகஸ்டில் மத்திய அரசு ஆன்லைன் பண விளையாட்டுகளுக்குத் தடைச் சட்டம் கொண்டுவரும் அளவுக்குப் போனது. எங்கள் ஃபெட்டில் பந்தயம் கட்ட எவனுக்கும் தைரியம் வராது. நடுவரே பக்கத்து வீட்டு அண்ணாச்சி, நேற்று அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தவன் இன்றைக்கு ஜெயிப்பான்.

அந்தப் பையன்களுக்குச் சொன்னது இவ்வளவுதான். நடத்துகிறவர் தன் ஆளை இறக்கக் கூடாது. ஒரு மோதலுக்கு ஒரு ஆர்.பி., ஒரு பக்கத்துக்கு மேல் போனால் படிக்கவே வேண்டாம். பெல்ட்டை முதல் ஆறு மாசம் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். சேருகிறவனிடம் உன் மல்லன் எப்படி ஜெயிப்பான் என்று கேட்காமல் எப்படித் தோற்பான் என்று எழுதி வாங்குங்கள். நடிக்கத் தெரியாதவன் அங்கேயே மாட்டிக்கொள்வான்.

முதல் சீசனுக்கு அடிவாங்க ஆள் கிடைக்காவிட்டால் நானே வருகிறேன் தம்பிகளா. ஓய்வுபெற்ற ஒரு மின்வாரிய லைன்மேனை யோசித்து வைத்திருக்கிறேன், முட்டிவலிக்காரர். ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிவைச் சொல்லுங்கள், திங்களிலிருந்து எனக்கு நைட் ஷிஃப்ட்.