அந்த மீனைச் சும்மா விடுங்களேன்!

ஏற்காட்டுக் குளிரில், கரி அடுப்பில், ஒரு மீனைத் தலையும் வாலுமாகச் சுட்டுத் தட்டில் வைக்க வேண்டும். மூன்று வருடமாக எனக்கு இருக்கும் ஆசை இவ்வளவுதான். மூன்று முறை மலையேறியும் ஒரு மீன்கூட முழுசாகத் தட்டுக்கு வந்து சேரவில்லை. தீயைக் குறை சொல்ல மாட்டேன், மீனையும் சொல்ல மாட்டேன். சுற்றியிருப்பவர்களின் கைகள் இருக்கின்றனவே, அவற்றைத்தான் சொல்கிறேன்.

முதல் கை மீன்கடைக்காரருடையது. போன ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கே சேலத்தில் கடைக்குப் போய், மேட்டூர் ஜிலேபிக் கெண்டை நான்கு பொறுக்கினேன். ஒவ்வொன்றும் அரைக் கிலோவுக்குச் சற்று மேல். "செதில் தேய்த்து, செவுளையும் குடலையும் மட்டும் எடுங்கள். துண்டு போட வேண்டாம், தலை அப்படியே இருக்கட்டும்" என்று இரண்டு முறை சொன்னேன். அவரும் தலையாட்டினார். போன் வந்தது, திரும்பி நின்று பேசினேன். டக், டக், டக். ஒரு மீன் குழம்புக்குத் தயாராகிவிட்டது. "பழக்க தோஷம் அண்ணா, கை தானாகப் போய்விட்டது" என்றார். அதற்கு மேல் அவரிடம் என்ன பேசுவது? மீதி மூன்றையும் அவர் கத்தியிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வந்தேன்.

இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் ஐஸ் பெட்டியை மடியிலேயே வைத்திருந்தேன். தங்கிய விடுதியில் பார்பிக்யூ அடுப்புக்குத் தனி வாடகை, ஐந்நூறு ரூபாய். கொண்டுவந்து வைத்த கம்பித் தட்டில், எனக்கு முன்னால் தங்கியவர்கள் தின்ற கோழி கரிக்கட்டையாக ஒட்டிக்கொண்டிருந்தது. "தீ பட்டால் எல்லாம் சுத்தமாகிவிடும் மாப்பிள்ளை" என்றார் மாமனார். ஆகாது. பழைய கரி ஒட்டியிருக்கிற கம்பியில் புதுத் தோல் முதலில் போய் ஒட்டுவது அந்த இடத்தில்தான். நான் குனிந்து சுரண்டிக்கொண்டிருந்த நேரத்தில், கரி சீக்கிரம் பிடிக்கட்டும் என்று யாரோ மண்ணெண்ணெயை ஊற்றிவிட்டார்கள். யார் என்று இன்றுவரை ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. அந்தக் கரியை அப்படியே கொட்டிவிட்டு, கொட்டாங்குச்சியைப் பற்றவைத்து மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தேன். தூறல் வேறு.

இதில் வித்தை ஒன்றும் இல்லை, பொறுமைதான் வேண்டும். கங்கின் மேல் சாம்பல் வெளுப்பாகப் பூக்கும்வரை காத்திருக்க வேண்டும். கம்பி நன்றாகக் காய்ந்ததும் பாதி வெங்காயத்தை எண்ணெயில் தோய்த்து அதன் மேல் தேய்க்க வேண்டும். மீனின் இரு பக்கமும் முள் வரைக்கும் மூன்று கீறல், உள்ளே உப்பும் மஞ்சளும் ஏற்காட்டு மிளகும். தோலைத் துணியால் ஈரம் போகத் துடைத்து எண்ணெய் தடவ வேண்டும். ஈரத் தோல் வறுபடாது, அவியும். அவிந்த தோல் கம்பியை விடாது. (இஞ்சி பூண்டு விழுதை மேலே அப்புகிறவர்களுக்கு: சதை வேகும் முன்னே அது கருகிக் கசக்கும். அத்தை, உங்களுக்கும் சேர்த்துத்தான்.) இவ்வளவும் செய்து மீனைப் போட்டால் முதலில் ஒட்டத்தான் செய்யும். பயப்பட வேண்டாம். தோல் முறுகியதும் தானாகவே கம்பியை விட்டுவிடும். ஓர் அங்குலத் தடிமனுக்கு மொத்தம் பத்து நிமிடம் என்பது பொதுக் கணக்கு. அப்படியானால் ஒரு பக்கத்துக்கு ஐந்தாறு நிமிடம். அந்த ஐந்தாறு நிமிடம் யாரும் எதையும் தொடக் கூடாது.

தொடாமல் இருக்க முடிகிறதா இவர்களால்?

இரண்டாவது நிமிடமே மச்சான் தோசைத் திருப்பியோடு வந்துவிட்டான். "கருகுது மாமா" என்ற கூச்சல் வேறு. கருகவில்லையடா, இப்போதுதான் சிவக்கிறது என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அடியில் விட்டு நெம்பிவிட்டான். தோல் மொத்தமும் கம்பியில், சதை பாதி கங்கில், அவன் கையில் நடுமுள்.

இரண்டாவது மீன் சித்தப்பாவின் ஆராய்ச்சிக்குப் பலியானது. ஏற்காடு கிட்டத்தட்ட ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் உயரமாம், மலையில் எதுவும் சீக்கிரம் வேகாதாம். ஐயா, உயரத்தில் தண்ணீர் தொண்ணூற்றைந்து டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் சோறும் பருப்பும் வேக நேரம் பிடிக்கும், அது உண்மை. இது உலை இல்லையே, கங்கு! கங்குக்கு உயரம் தெரியுமா? இதை நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே முள்கரண்டியால் நான்கு இடத்தில் குத்தி, "பார், இன்னும் வேகவில்லை" என்று வாலைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார். வால் மட்டும் வந்தது.

மூன்றாவது மீனுக்கு இடுக்கியோடு நானே காவல் நின்றேன். யார் பேசினாலும் பதில் சொல்லவில்லை. ஆறாவது நிமிடம் மெல்லத் தூக்கினேன், சத்தமில்லாமல் விட்டுக்கொடுத்தது. திருப்பிப் போட்டால் தோல் பொன்னிறம், கீறல் மூன்றும் விரிந்து உள்ளே வெள்ளைச் சதை. மறுபக்கமும் அதே அளவு நேரம் காத்திருந்து பார்த்தேன், கண் வெளுத்திருந்தது. முதுகுத் துடுப்பை இழுத்தேன், எதிர்ப்பில்லாமல் கையோடு வந்தது. வெந்துவிட்டது என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்? எல்லோரும் பார்க்க அப்படியே இலையில் வைக்கலாம் என்று வாழையிலை எடுக்க உள்ளே ஓடினேன். அரை நிமிடம்தான் இருக்கும்.

திரும்பி வந்தால், கன்னச் சதையும் வயிற்றுப் பக்கமும் காணவில்லை. மாமனார் விரலைச் சப்பிக்கொண்டே, "வெந்துவிட்டதா என்று பார்த்தேன் மாப்பிள்ளை. நன்றாகத்தான் இருக்கிறது" என்றார். கடைக்காரர் துண்டு போட்ட அந்த நான்காவது மீன்தான் இரவுக்குக் குழம்பானது. குழம்பை மட்டும் ஒருவரும் குத்திப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்திருந்தது. நான் உள்ளே ஓடிய நேரத்தில், மாமனார் கை வைப்பதற்கு முன்னால் எடுத்திருக்கிறான் மச்சான். தலை, வால், பொன்னிறத் தோல், மூன்று கீறல், எல்லாம் இருக்கிறது. கீழே எழுதியிருந்தான்: "ஏற்காட்டில் நான் சுட்ட மீன்."